ஒரே தண்ணீரில் இறங்கியவர்கள்: மலை ஊர்களில் நீச்சலைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மலையில் இருக்கும் கோத்தகிரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, ஒரு வேன் மேட்டுப்பாளையம் பக்கம் இறங்குகிறது. அதில் பதினான்கு, பதினைந்து பேர் இருப்போம். கீழே ஒரு நீச்சல் குளத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவோம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு மூன்று பேராகத் தொடங்கினோம். மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள்; மூவருக்கும் நீச்சல் தெரியாது. நான் பள்ளி ஆசிரியை, அப்போது எனக்கு வயது 47. பஸ் நிறுத்தத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மலையில் இருக்கும் நமக்கு நீச்சல் எதற்கு? இங்கே ஆறும் இல்லை, கிணறும் இல்லையே?

கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு இடுப்பில் கயிற்றையோ காய்ந்த சுரைக்குடுக்கையையோ கட்டிக் கிணற்றில் இறக்கிவிட ஒரு தாய்மாமன் இருந்தார். காவிரிக் கரைப் பிள்ளைகளுக்குப் படித்துறை இருந்தது. நமக்கு ஓடை என்றால் முழங்கால் அளவு. அதைவிட ஆழமான தண்ணீர் என்றால் அது மின்வாரியத்தின் அணை. அதனால் தலைமுறை தலைமுறையாக நாம் நீந்தக் கற்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

இப்போது தேவைப்படுகிறது, இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, நம் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கோவை, திருப்பூர், பெங்களூரு என்று இறங்கிப் போகிறார்கள். அங்கே நண்பர்களோடு தண்ணீருக்குப் போகிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மற்றொன்று, இங்கேயே தங்கிவிட்ட நம்மைப் பற்றியது. நம் வீடுகள் சரிவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கினால் கதவைச் சாத்திவிடுகிறோம். அவரவர் ஹட்டி (படுகர் ஊர்), அவரவர் லயன் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு), அவரவர் கடை. கூட்டமாகச் சேர்வது கல்யாணத்துக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும்தான். அந்தக் கூட்டமும் அவரவர் உறவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஒரே மலையில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் தேநீர் குடிக்காதவர்கள் இங்கே எத்தனையோ பேர். நீச்சல் அந்த வழக்கத்தை உடைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நீச்சல் தனி ஆள் செய்யும் பயிற்சி அல்லவா? முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு யாரோடு பேசுவது?

பேச முடியாதுதான். ஆனால் பெரியவர்கள் நீச்சல் கற்கும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். முதல் பாடம் மூச்சை நீருக்குள் குமிழியாக விடுவது. இரண்டாவது பாடம் மல்லாக்க மிதப்பது. மிதக்கும்போது முதுகுக்குக் கீழே ஒருவர் உள்ளங்கையை வைத்துத் தாங்க வேண்டும். பயிற்சியாளர் ஒருவர், கற்பவர்கள் பத்துப் பேர். ஆகவே நாங்களே ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வோம். என் முதுகை முதன்முதலில் தாங்கியவர், எனக்கு இரண்டு வாரம் முன்னால் மிதக்கக் கற்றிருந்த ஒரு பெண். தேயிலை பறிப்பவர். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். பத்தொன்பது ஆண்டுகளாக அவரை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அந்தப் பத்தொன்பது ஆண்டுகளும் அவர் என் வகுப்பறை வாசலில் நின்றே பேசியிருக்கிறார். நானும் உட்காரச் சொன்னதில்லை.

அன்று குளத்தில், "கையை எடுத்துவிடாதீர்கள், எடுத்துவிடாதீர்கள்" என்று நான் கெஞ்சினேன். "எடுக்க மாட்டேன் டீச்சர், மேலே வானத்தைப் பாருங்கள்" என்றார் அவர். என் காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. அவர் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு அவரோடு பழைய மாதிரி பேச என்னால் முடியவில்லை. அவராலும் முடியவில்லை. இப்போது நான் அவருக்கு அக்கா.

இதில் கொஞ்சம் நிதானமாகச் சிந்திக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நிலத்தில் நம் தகுதி, பதவி, வயது எல்லாம் நம்மோடு கூடவே நடக்கின்றன. ஆழத் தண்ணீரில் கால் எட்டாத நேரத்தில் ஆசிரியைக்கும் தொழிலாளிக்கும் பயம் ஒன்றுதான். வளர்ந்தவர்கள் தங்கள் பயத்தை மற்றவர்கள் முன் காட்டும் இடம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? கோயிலில் அழுபவர்கள் உண்டு, அதுவும் சாமியிடம். பயத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டவர்களிடையே பழக்கம் சீக்கிரம் ஆழமாகிறது. நடைப்பயிற்சியிலோ யோகா வகுப்பிலோ எனக்கு அது நிகழவில்லை, இரண்டுக்கும் போயிருக்கிறேன்.

நீந்தக் கற்ற பிறகும் பேச்சு நின்றுவிடுவதில்லை. 25 மீட்டர் கடந்து சுவரைப் பிடித்து நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். அங்கே நீண்ட பேச்சுக்கு மூச்சு இருக்காது. "மகளுக்கு வரன் அமையவில்லை." "அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது." இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி நீந்தப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது நாம் பதில் சொன்னால் போதும்.

யார் யார் வருகிறார்கள்? எல்லோரும் ஒரே குளத்தில்தான் இறங்குகிறீர்களா?

இந்தக் கேள்வியை எந்த அர்த்தத்தில் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆம், எல்லோரும் ஒரே குளத்தில், ஒரே நேரத்தில்.

எஸ்டேட்டில் இலை பறிக்கும் பெண்கள் ஐந்து பேர் வருகிறார்கள். படுகர் ஊர்களைச் சேர்ந்த சிறு தேயிலை விவசாயிகள், ஓய்வு பெற்ற தபால்காரர், கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர், இருளர் ஊரிலிருந்து இரண்டு இளைஞர்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தின் பேத்தி. இவர்கள் எல்லோரும் ஒரு கல்யாணப் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தண்ணீரின் வரலாறு நம் நாட்டில் எளிதான வரலாறு அல்ல. 1927 மார்ச்சில், மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற ஊரில், பொதுக் குளத்து நீரைக் குடிக்கும் உரிமைக்காக டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்றார். நீர் குடித்ததற்காக அவர்கள் அடிக்கப்பட்டார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழிக்கப்பட்டது. தமிழ்நாட்டு ஊர்களிலும் தனிக் கிணறு, தனிக் குழாய் என்பதெல்லாம் நம் பெற்றோர் காலத்துக் கதை மட்டும் அல்ல. இதை அறிந்திருப்பதால்தான், ஒரு குளத்தில் பதினைந்து பேர் சேர்ந்து இறங்குவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் இரண்டாம் ஆண்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்போது வேறொரு குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒருநாள் அதன் நிர்வாகி என்னைத் தனியாக அழைத்து, "எஸ்டேட் ஆட்கள் மட்டும் கடைசி நேரத்தில் வரட்டும் மேடம், அதன் பிறகு தண்ணீரைச் சுத்தம் செய்துவிடுகிறோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் வேனுக்கு வந்து எல்லோரிடமும் அதை அப்படியே சொன்னேன். மளிகைக் கடை அண்ணன் உடனே இறங்கிப் போய், எல்லோருடைய மாதக் கட்டணத்தின் மீதியையும் கேட்டு வாங்கி வந்துவிட்டார். ஒன்பது பேரும் திரும்பி வந்தோம். அதன் பிறகு ஒன்றரை மாதம் எங்களுக்குக் குளமே இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டில் கூடினோம், ஒவ்வொரு வாரமும் வேறு வீடு. லயன் வீட்டில் படுகர் வீட்டுப் பெரியம்மா முதன்முறையாகச் சாப்பிட்டது அந்த ஒன்றரை மாதத்தில்தான்.

பெண்கள் என்ன உடுத்துவது? வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் முழு நீச்சலுடை கோவைக் கடைகளில் கிடைக்கிறது. எங்களில் பெரும்பாலோர் அதைத்தான் அணிகிறோம். சேலை, துப்பட்டா, நைட்டி, பருத்திச் சுடிதார் ஆகியவை வேண்டாம். பருத்தி நனைந்தால் கனத்துக் கீழே இழுக்கும். தொங்கும் துணி காலில் சுற்றும். நூல் பிசிறு குளத்தின் வடிகட்டியை அடைக்கும் என்று பல இடங்களில் அனுமதிப்பதும் இல்லை.

சம்மதம் பெற ஒரு வழி எங்களுக்குப் பலித்திருக்கிறது. மறுக்கும் மாமியாரையோ கணவரையோ முதல் நாள் கூடவே அழைத்து வாருங்கள். பார்க்காத இடத்தைப் பற்றித்தான் சந்தேகம் பெரிதாக வளரும். ஒரு மாமியார் முதல் வாரம் வேனிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரம் குளத்தங்கரையில். மூன்றாம் வாரம் சேலையை முழங்கால் வரை சேர்த்துப் பிடித்துக்கொண்டு காலைத் தண்ணீரில் தொங்கவிட்டார். இன்றுவரை அவர் நீந்தவில்லை. ஆனால் வராத ஞாயிறும் இல்லை. எல்லோருக்கும் துண்டு எடுத்துக் கொடுப்பது, யார் எத்தனை முறை குறுக்கே கடந்தார்கள் என்று எண்ணுவது அவர் வேலை. மருமகளைப் பற்றி அவர் இப்போது வெளியில் பேசும் தொனியே வேறு.

எந்தப் பெண்ணும் கணவருக்குத் தெரியாமல் வர வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அது அவரவர் வீட்டு நிலைமை. யாரைப் பற்றியும் யார் வீட்டிலும் போய்ச் சொல்ல மாட்டோம்.

மாதவிலக்கு நாட்களில்?

உள்ளே பொருத்தும் மாதவிலக்குக் குப்பி பழகியவர்கள் நீந்தலாம்; உடலுக்குத் தீங்கு இல்லை. துணி அல்லது நாப்கினோடு இறங்கக் கூடாது. விருப்பம் இல்லாதவர்கள் கரையில் இருக்கலாம். காரணம் கேட்பதில்லை.

எனக்கு 60 வயதுக்கு மேல் ஆகிறது. மூட்டு வலி. இனிமேல் முடியுமா?

முடியும். கழுத்தளவு நீரில் நிற்கும்போது மூட்டுகள் தாங்கும் எடை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இடுப்பளவு நீரில் பாதி. முப்பது ஆண்டு சரிவில் நின்று இலை பறித்த முழங்கால்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும். நீந்தாவிட்டாலும் தண்ணீருக்குள் நடக்கலாம். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். வலிப்பு வந்ததுண்டு என்றால் பயிற்சியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; வலிப்பு உள்ளவர்கள் தனியாக நீந்தவே கூடாது.

எங்கள் தபால்காரர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவி இறந்த பிறகு ஓர் ஆண்டு அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிள்ளைகள் வெளியூரில். ஊரில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டியவர், யாரும் தன் கதவைத் தட்டாத வீட்டில் இருந்தார். வற்புறுத்தித்தான் அழைத்து வந்தோம். நான்கைந்து வாரம் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். ஆறாம் வாரம் அவர் வரவில்லை. வேன் அவர் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தது. காய்ச்சல் என்று தெரிந்தது. அன்று மாலை மூன்று வீடுகளிலிருந்து கஞ்சி போயிற்று. "நான் வரவில்லை என்று எண்ணிப் பார்த்தீர்களா?" என்று மறுவாரம் கேட்டார். குளத்தில் எண்ணித்தான் ஆக வேண்டும்: இறங்கியவர் எத்தனை, ஏறியவர் எத்தனை என்று கணக்கு வைப்பது பாதுகாப்பு விதி. அந்த விதி தனிமையில் இருப்பவர்களுக்கு வேறொன்றாகவும் ஆகிவிடுகிறது. 2023 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தனிமையை உலகளாவிய உடல்நலப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு ஓர் ஆணையமே அமைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தபால்காரர் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார்.

எனக்குப் புதியவர்களோடு பேசிப் பழக வராது. வந்து என்ன செய்வேன்?

பேசாமல் வாருங்கள். பேச்சு வராதவர்களுக்கு இதைவிட நல்ல கூட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. பாதி நேரம் எல்லோர் வாயும் தண்ணீருக்குள்தான் இருக்கும். ஏதாவது செய்துகொண்டே ஒருவர் அருகில் இருப்பது போதும், பழக்கம் தானாக வரும். எங்களில் ஒரு பெண் முதல் நான்கு மாதம் "வருகிறேன்", "போகிறேன்" தவிர எதுவும் பேசவில்லை. யாரும் அவரைப் பேச வைக்க முயலவும் இல்லை. இப்போது புதிதாக வருபவர்களின் முதுகைத் தாங்குவது பெரும்பாலும் அவர்தான்.

ஊட்டி ஏரியிலோ அணையிலோ பழகினால் என்ன? எதற்கு இத்தனை தூரம்?

தயவுசெய்து வேண்டாம். இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊட்டி ஏரி 1820களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உருவாக்கியது. கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கியது. இரண்டும் இன்று படகுக்கு மட்டுமே. ஊட்டி ஏரியில் கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரத்தின் கழிவு நீர் வந்து சேர்கிறது. எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி, பைக்காரா போன்ற நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. குளிப்பதற்கு அனுமதி இல்லை. கரையிலிருந்து இரண்டே அடியில் ஆழம் விழும் இடங்கள் உண்டு, அடியில் சேறு உண்டு, நீர்மட்டம் மாறிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே குளிர். தண்ணீர் நம் உடம்பின் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். மிகக் குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால், முதல் நிமிடத்திலேயே உடம்பு நம்மைக் கேட்காமல் பெருமூச்சை இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்கு அடியில் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். அதைத் தாண்டினாலும் சில நிமிடங்களில் கையும் காலும் விறைத்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் குளிர்ந்த நீரில் இறப்பது இதனால்தான். கற்பவர்களுக்கு 28 டிகிரிக்குக் குறையாத வெதுவெதுப்பு வேண்டும். மலையில் சூடாக்காத குளத்தில் அது கிடைக்காது. ஆகவேதான் கீழே இறங்குகிறோம்.

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆறு இருக்கிறதே என்பார்கள். அங்கும் வேண்டாம். மேலே பில்லூர் அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது, அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறு நொடியில் உயரும். அதில் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.

என் மகனுக்கு 17 வயது. நண்பர்களோடு அருவிக்கும் ஆற்றுக்கும் போகிறான். நீச்சல் கற்றால் துணிச்சல் கூடி ஆபத்து அதிகம் ஆகாதா?

நியாயமான பயம். அரைகுறை நீச்சல் ஆபத்துதான். ஆனால் நான் பார்த்தவரை, நீந்தத் தெரியாத பையன்தான் அதிக ஆபத்தில் இருக்கிறான். ஏனென்றால் "எனக்கு நீச்சல் தெரியாது" என்று நண்பர்கள் முன் சொல்ல அவனுக்கு வெட்கம். மலையில் வளர்ந்தவன் கோவைப் பையன்களோடு ஆற்றுக்குப் போனால், அவர்கள் குதிக்கும் இடத்தில் தானும் இறங்குகிறான். நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்த துக்கச் செய்திகள் பல இப்படி வந்தவை.

குளத்தில் கற்கும் பையன் நீந்துவதோடு கூட வேறொன்றையும் கற்கிறான். "என்னால் முடியவில்லை, நான் ஏறுகிறேன்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லப் பழகுகிறான். எங்கள் வகுப்பில் இதைச் சத்தமாகச் சொல்ல வைக்கிறோம். சொன்னவனை யாரும் கேலி செய்வதில்லை என்பதையும் அவன் பார்க்கிறான்.

மூழ்குபவரைக் காப்பாற்றும் முறையையும் எல்லோருக்கும் கற்றுத் தருகிறோம். முதலில் கத்திக் கூப்பிடு. கம்பு, கிளை எதையாவது நீட்டு. எட்டவில்லை என்றால் மூடிய காலிக் கேன் போல மிதக்கும் எதையாவது வீசு, அல்லது பிடித்து இழுக்க முடிச்சுப் போட்ட வேட்டியை வீசு. பயிற்சி இல்லாமல் தண்ணீரில் குதிக்காதே. பயத்தில் இருப்பவர் உன்னையும் சேர்த்து அழுத்திவிடுவார். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரைக்கு இழுத்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்தச் செய்தியை ஒவ்வொரு புதிய பையனுக்கும் நான் சொல்வேன். மானத்தைவிட உயிரை மேலாக நினைத்த அந்தப் பெண்களின் வேகம் அவர்கள் மனதில் பதிய வேண்டும். மூச்சில்லாதவரைக் கரையேற்றினால் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அழுத்துவது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்துவிட்டு, உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். அதையும் பழக்குகிறோம்.

குழந்தைகளை மட்டும் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆறு வயதுக்கு மேல். ஆனால் நீங்களும் இறங்கினால் வீட்டில் ஒன்று மாறும். எந்த அப்பாவும் மகள் முன்னால் பயந்து காட்டியதில்லை. எங்கள் குளத்தில் ஒன்பது வயது மகள், "மூச்சை விடுங்கள் அப்பா, நான் இருக்கிறேன்" என்று சொல்லித் தந்து ஓர் அப்பா மிதக்கக் கற்றார். அந்த மனிதர் வீட்டில் குரலை உயர்த்துவது குறைந்துவிட்டது என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். நீச்சலால் மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

பதக்கம் வாங்கும் அளவுக்குப் பயிற்சி கிடைக்குமா?

எங்களிடம் கிடைக்காது. ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994இல் தம் 12ஆம் வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அந்த ஒரே ஆண்டில் ஆறு கடற்பகுதிகளைக் கடந்தார். அதற்கெல்லாம் தினமும் பல மணி நேரம் வேண்டும். உங்கள் பிள்ளையிடம் அந்த வேட்கை தெரிந்தால் கோவையிலோ சென்னையிலோ முறையான பயிற்சியில் சேருங்கள்.

கால் ஊனமுற்றவர் வரலாமா?

எங்கள் தையற்காரர் இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவர். கடைவீதி ஏற்றத்தில் அவருக்காக எல்லோரும் நின்று நின்று நடப்போம். அது அவருக்குப் பிடிக்காது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஊன்றுகோல் பிடித்துப் பிடித்து அவர் தோள்கள் உரமேறியவை. கற்ற ஆறு மாதத்தில் எங்கள் எல்லோரையும் முந்திப் போய் எதிர்ச் சுவரில் நின்று எங்களுக்காகக் காத்திருந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். வருவதற்கு முன் குளத்தில் சரிவுப் பாதையோ அகலமான படிக்கட்டோ இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் செங்குத்துக் கம்பி ஏணி மட்டும்தான் இருக்கும்.

உங்களுக்குள் சண்டை வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. வேனில் முன் இருக்கைக்குச் சண்டை. வளைவுகளில் தலை சுற்றும் என்று எல்லோரும் முன்னால் கேட்பார்கள். இப்போது வாந்தி வருபவர்களுக்கு முதல் உரிமை. அதைவிடப் பெரிய சண்டை ஒன்று: ஒருவர் குளத்தங்கரையில் கைப்பேசியில் படம் எடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்பிவிட்டார், பின்னால் இரண்டு பெண்கள் இருந்தது தெரியாமல். ஒரு பெண் மூன்று மாதம் வரவில்லை. படம் எடுத்தவர் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து கைப்பேசிகள் எல்லாம் ஒரு பையில் போய்விடும். பை அந்த மாமியாரின் மடியில்.

செலவு, பயணம், யானை?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். வேன் வாடகையைப் பகிர்ந்துகொள்கிறோம். குளத்துக் கட்டணம் தனி. கொடுக்க முடியாதவர்கள் உண்டு; அதனால் வேனில் ஒரு மூடிய டப்பா இருக்கிறது. முடிந்தவர் முடிந்ததைப் போடுவார், யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஆறு ஆண்டில் வாடகைக்குக் குறைந்ததில்லை.

பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானைகள் சாலைக்கு வரும். ஆகவே இருட்டில் புறப்படுவதும் இல்லை, மாலையில் திரும்புவதும் இல்லை. எதிரே யானை நின்றால் ஓட்டுநர் வேனை நிறுத்திவிடுவார்; அது போகும்வரை அமைதியாக இருப்போம். வடகிழக்குப் பருவமழை வலுத்து மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அந்த வாரம் பயணம் இல்லை.

குளத்தில் கடைப்பிடிக்க வேண்டிய விதி என்ன?

தலைக்கு எண்ணெய் வைத்து வராதீர்கள். இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்தால்தான் அந்த நெடி எழுகிறது. கண் எரிச்சலும் அதனால்தான். வயிற்றுப்போக்கு இருந்தால் நின்ற பிறகும் இரண்டு வாரம் வராதீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் நீந்துபவரின் வாயிலும் இந்தத் தண்ணீர்தான் போகிறது.

எத்தனை நாளில் கற்கலாம்?

வாரம் ஒரு நாள் என்றால் மிதக்க ஒன்றரை மாதம், 25 மீட்டர் கடக்க ஐந்தாறு மாதம். எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. பாதியில் நின்றவர்கள் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வாரத்தில் நின்றவர்கள். மூக்கில் தண்ணீர் ஏறி, தலை வலித்து, "நமக்கு இது வராது" என்று தோன்றும் வாரம் அது. அந்த வாரத்தில் யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து அழைப்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் நாள் என்ன எடுத்து வர வேண்டும்?

நீச்சலுடை, தொப்பி, நீச்சல் கண்ணாடி, இரண்டு துண்டு, சோப்பு. கண்ணாடியும் தொப்பியும் இல்லாதவர்களுக்குத் தர எங்களிடம் சில இருக்கின்றன. புறப்படும் முன் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். நீந்திய பிறகு பசி எடுக்கும், அதற்கு யாராவது புளிச்சோறோ அவித்த கடலையோ கொண்டு வருவார்கள். கீழே வெயில் என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். திரும்பும்போது குஞ்சப்பனையைத் தாண்டினால் காற்று குளிர்ந்துவிடும். தலையை நன்றாகத் துவட்டிவிட்டு ஏறுங்கள். இரண்டாவது துண்டு அதற்குத்தான்.